புற்றுநோய்த் தடுப்புக்கென எடுக்கப்படும் சத்துக் குளிசைகளும் மூலிகைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் மருந்துக்கடை முகப்பில் நிற்கும் என்னிடம் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அடுத்தபடியாகக் கேட்கப்படுவது, "புற்றுநோய் வராமலிருக்க என்ன எடுக்கலாம்?" என்பதுதான். கேட்பவர்களில் பலர் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய போத்தலோடு வருகிறார்கள். இன்னும் சிலர் வாட்ஸ்அப்பில் வந்த குரற்பதிவொன்றைக் காதில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். வரிசையில் ஆட்கள் காத்து நிற்கையில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க இயலாத பதில்களை இங்கே சற்று ஆறுதலாக எழுதியிருக்கிறேன்.

உணவிலுள்ள எந்தப் பொருட்களைப் பற்றி இங்கே பேசப்படுகிறது?

கரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டின், மஞ்சளிலுள்ள குர்குமின், தேயிலையிலுள்ள கட்டெக்கின்கள், கோவாவிலும் புரோக்கோலியிலும் உண்டாகும் சல்ஃபோராஃபேன், தக்காளியின் லைக்கோபீன், அவற்றோடு விட்டமின்களும் செலீனியம் போன்ற தாதுக்களும் ஆகும். இவை கறியாகவும் பழமாகவும் நம் வயிற்றுக்குள் போவது ஒரு விடயம். பிரித்தெடுத்துச் செறிவாக்கப்பட்டு, ஒரு குளிசைக்குள் நூற்றுக்கணக்கான மில்லிகிராமாகப் போவது முற்றிலும் வேறொரு விடயம். முதலாவது உணவு, இரண்டாவதை மருந்தென்றே கொள்ள வேண்டும். மருந்தென்றால் அளவு என்ன, யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு, வேறு எதனோடு சேர்த்து என்ற கேள்விகள் வரும். கடைக்கு வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

மரக்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுவோருக்குச் சில புற்றுநோய்கள் குறைவு என்கிறார்கள். அப்படியானால் அந்தச் சத்தையே குளிசையாக எடுத்தால் இன்னும் நல்லதுதானே?

இதே கேள்வியை விஞ்ஞானிகளும் கேட்டார்கள். உணவில் பீட்டா கரோட்டின் அதிகமுள்ளவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டமையால், 1981 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் பீட்டோவும் அவருடைய சகாக்களும், இந்த ஒரு பொருள் மனிதரின் புற்றுநோயைக் கணிசமாகக் குறைக்குமா என்று ஓர் ஆய்விதழில் வினவினர். விடை காண்பதற்கு ஒரே வழி, ஆயிரக்கணக்கானோரை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்கு உண்மையான குளிசையும் மறு கூறுக்கு வெறும் குளிசையும் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து எண்ணிப் பார்ப்பதாகும்.

பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையான, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் அவ்வாறு செய்யப்பட்டது. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுக்கப்பட்டது. 1994 இல் முடிவு வெளிவந்தபோது எல்லோரும் திகைத்தனர்: பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. இது தற்செயலாக இருக்கலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் அமெரிக்காவில் புகைபிடிப்போரும் கல்நார்த் தூசியில் வேலை செய்தோருமாக 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினும் விட்டமின் ஏயும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வு, 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே நிறுத்தப்பட்டது. அங்கே நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மொத்த இறப்பு 17 சதவீதமும் கூடியிருந்தன. பெரும்பாலும் புகைபிடிக்காத 22,071 அமெரிக்க வைத்தியர்களிடம் ஏறத்தாழ 12 ஆண்டுகள் நடந்த ஆய்வில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

ஆகவே, பதில் "இல்லை" என்பதாகும். புகைபிடிப்பவருக்கு அது "கூடவே கூடாது" என்பதாகும். வேடிக்கை என்னவென்றால், "புகைக்கிறேன், அதற்குப் பாதுகாப்பாக ஏதாவது தாருங்கள்" என்று கேட்டு வருபவர்களே இந்தப் போத்தலை அதிகம் தேடுகிறார்கள்.

அப்படியானால் கரட் சாப்பிடுவதும் ஆபத்தா?

இல்லை. 100 கிராம் கரட்டில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்டு. எனவே 20 மில்லிகிராம் என்பது நாளொன்றுக்குக் கால் கிலோ கரட்டுக்குச் சமம். கணக்கில் பார்த்தால் பயங்கரமான அளவாகத் தோன்றாது. ஆனால் கரட்டிலுள்ளது நார்ச்சுவர் கொண்ட கலங்களுக்குள் அடைபட்டிருப்பதால் அதில் ஒரு பங்கு மட்டுமே உடலிற் சேர்கிறது. எண்ணெயிற் கரைத்துக் குளிசையாக்கியதோ மிக இலகுவாகச் சேர்ந்து, குருதியில் உணவால் ஒருபோதும் எட்டாத அளவுக்கு ஏறிவிடுகிறது. புகை நிறைந்த நுரையீரலில் அவ்வளவு பீட்டா கரோட்டின் சிதைவடையும்போது உண்டாகும் பொருட்களே கலங்களின் கட்டுப்பாட்டைக் குலைக்கின்றன என்பது விலங்காய்வுகள் காட்டிய விளக்கம். இன்னொன்றையும் மறக்கக்கூடாது: கரட் சாப்பிடுபவர் கரட்டை மட்டும் சாப்பிடுவதில்லை. பொதுவாக அவர் கீரையும் சாப்பிடுகிறார், குறைவாகப் புகைக்கிறார், குறைவாகக் குடிக்கிறார். பழைய ஆய்வுகளில் தெரிந்த பாதுகாப்பு அந்த ஒரு நிறப்பொருளுக்கு உரியது என்று எண்ணியதே பிழை.

விட்டமின் ஈ, செலீனியம் ஆகியவை?

ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோயை இவை தடுக்குமா என்று பார்ப்பதற்காக 2001 இல் தொடங்கி 35,533 ஆண்களிடம் நடந்த ஆய்வு, பயன் தெரியாமையால் 2008 இல் நிறுத்தப்பட்டது. பின்னர் தொடர்ந்து கவனித்து 2011 இல் வெளியிட்ட கணக்கில், நாளொன்றுக்கு 400 அலகு விட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் புரொஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. "அழகுக்கும் தோலுக்கும்" என்று நம்மூரில் விற்பனையாகும் பச்சை நிறக் கப்சூல்களில் பலவும் இதே 400 அலகுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சீனாவின் லின்சியன் மாவட்டத்தில் 29,584 பேரிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின், விட்டமின் ஈ, செலீனியம் மூன்றையும் சேர்த்துச் சிறிய அளவில் எடுத்தவர்களிடம் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தோர் தொகை குறைந்தது. அது 1993 இல் வெளியான முடிவு. ஆனால் அங்கிருந்தவர்கள் இந்தச் சத்துகள் உண்மையிலேயே குறைந்த உணவோடு வாழ்ந்தவர்கள். வற்றிய குளத்துக்கு மழை நல்லது. நிரம்பிய குளத்துக்கு அதே மழை அணைக்கட்டை உடைக்கும். கந்தளாய்க் குளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மஞ்சள் புற்றுநோயைத் தடுக்குமா?

ஆய்வுகூடத் தட்டில் வளர்க்கப்பட்ட புற்றுநோய்க் கலங்களைக் குர்குமின் தடுப்பது உண்மை. மனிதரிடம் புற்றுநோய் வராமல் தடுத்தது என்று நிறுவிய பெரிய ஆய்வு இல்லை. இடையிலுள்ள தூரத்துக்குக் காரணம், குர்குமின் குடலிலிருந்து உடலுக்குள் மிகச் சொற்பமாகவே சேர்வதும், சேர்ந்ததும் ஈரலில் விரைவாக மாற்றப்பட்டு வெளியேறுவதும் ஆகும்.

மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு சட்டி மீன் கறிக்கு அரைத் தேக்கரண்டி, அதாவது ஒன்றரைக் கிராம் போட்டால், முழுச் சட்டியிலும் 45 மில்லிகிராம் குர்குமின் இருக்கும். அதையும் நான்கு பேர் பங்கிட்டுக்கொள்கிறோம். 500 மில்லிகிராம் குர்குமின் உள்ள ஒரு கப்சூலோ 16 கிராமுக்கு மேற்பட்ட மஞ்சளுக்குச் சமம். கறியில் எந்தக் கெடுதியும் இல்லை என்பதை வைத்துக் கப்சூலிலும் இருக்காது என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

சென்ற வருடம் உப்புவெளிப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, கனடாவிலிருந்து மகன் அனுப்பிய போத்தலைப் பையிலிருந்து எடுத்து முகப்பில் வைத்தார். "இது வெறும் மஞ்சள்தானே தம்பி, கறிக்குப் போடுறதுதானே?" என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கிட்டப் பிடித்துப் பார்த்தால், பின்புறத்தில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் குர்குமின் 500 மில்லிகிராம், கருமிளகுச் சாறு 5 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு என்று இருந்தது. கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கினேன். அதில் குருதி உறையாமலிருப்பதற்கான வார்ஃபரின் எழுதப்பட்டிருந்தது.

அந்த மிளகுச் சாறு அலங்காரத்துக்குச் சேர்க்கப்பட்டதன்று. மிளகிலுள்ள பைப்பரின், குர்குமினை உடல் மாற்றி வெளியேற்றும் பாதையை அடைத்து, குருதியில் அதன் அளவைப் பல மடங்கு உயர்த்தும். 1998 இல் பெங்களூரில் மனிதரிடம் செய்யப்பட்ட ஆய்வில் 20 மடங்கு உயர்ந்தது. ஆனால் ஈரல் வேறு பல மருந்துகளையும் இத்தகைய பாதைகளால்தான் அகற்றுகிறது. வலிப்புக்குரிய பெனிடோயின், இரத்த அழுத்தத்துக்குரிய புரொப்பிரனலோல் ஆகியவற்றின் அளவையும் பைப்பரின் உயர்த்துவது அறியப்பட்டது. குர்குமின் தானாகவே குருதி உறைதலைச் சற்றுக் குறைக்கும் இயல்புடையது. வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு ஏற்பட இடமுண்டு. பித்தக்கல் உள்ளவர்களும் இந்தக் கப்சூல்களைத் தவிர்க்க வேண்டும். 2019 இல் இத்தாலியில் குர்குமின் குளிசைகள் எடுத்தவர்களிடம் ஈரல் அழற்சி தொடர்ச்சியாகக் கண்டறியப்பட்டு அரசே எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது.

அடுத்த கிளினிக் நாளில் வைத்தியர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று அந்த அம்மா வந்து சொன்னார். மகன் அனுப்பியது என்பதால் போத்தலை எறிய மனமில்லாமல் சாமித்தட்டில் வைத்திருக்கிறாராம்.

கறிக்கு மஞ்சளை விடச் சொல்லவில்லை. 2020 இல் இறக்குமதி தடைப்பட்டு மஞ்சள் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியபோதும் நாம் அதை விடவில்லை! கிழங்காக வாங்கி அரைப்பிக்க முடிந்தால் நல்லது. நிறம் பளிச்சிடுவதற்காக ஈயம் கலந்த சாயத்தைத் தூளில் சேர்த்தமை வங்காளதேசத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

பச்சைத் தேயிலை?

கோப்பையில் குடிப்பதற்குத் தடையில்லை. புற்றுநோயைத் தடுக்கும் என்ற உறுதியும் இல்லை. செறிவாக்கிய குளிசைதான் பிரச்சினை. நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் அதன் முதன்மைக் கட்டெக்கினை எடுத்தவர்களிடம் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் குருதிப் பரிசோதனையில் தென்பட்டதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2018 இல் அறிவித்தது. வெறும் வயிற்றில் எடுப்பது மேலும் கூடாது. இன்னொரு செய்தி நம் பிளேன்டீக்கும் பொருந்தும்: 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடித்தாலும் அது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016 இல் வகைப்படுத்தியது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளாமல் இரண்டு நிமிடம் ஆற விடுவதற்குச் செலவில்லை.

முள் அன்னமுன்னா இலையை அவித்துக் குடிக்கலாமா?

குடிக்க வேண்டாம். "கீமோவை விடப் பல ஆயிரம் மடங்கு வலிமை" என்று சுற்றிவரும் செய்தி, தட்டில் வளர்த்த கலங்களில் செய்த பரிசோதனையிலிருந்து வந்தது. தட்டிலுள்ள கலங்களைச் சவர்க்காரமும் கொல்லும். இந்தத் தாவரத்திலுள்ள அனோனசின் என்ற பொருள் நரம்புக் கலங்களுக்கு நஞ்சு. கரீபியத் தீவான குவாடலூப்பில் இதன் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற, வழக்கமான மருந்துக்கு இணங்காத நடுக்க நோய் கூடுதலாக இருப்பது 1999 இல் சுட்டிக்காட்டப்பட்டது. எப்போதாவது பழம் சாப்பிடுபவர் அஞ்ச வேண்டியதில்லை. தினமும் இரு வேளை இலையை அவித்துக் குடிப்பவரைப் பற்றியே கவலை.

கருஞ்சீரகம்?

கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருபவர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள், சற்றுத் தயக்கத்தோடும் கேட்கிறார்கள். ஏனெனில் அவர்களுக்கு இது வெறும் சரக்கன்று, நபிமொழியோடு சேர்ந்தது. நம்பிக்கையைப் பற்றி மருந்துக்கடையில் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. அதிலுள்ள தைமோகுயினோன் பற்றி ஆய்வுகூடங்களில் நிறையப் பார்த்திருக்கிறார்கள். மனிதரிடம் புற்றுநோயைத் தடுத்ததாக நிறுவப்படவில்லை. ஒரு சிட்டிகை உணவோடு சேர்ப்பதற்குத் தடையில்லை. எண்ணெயாகக் கரண்டிக் கணக்கில் குடிப்பவர்கள், சிறப்பாக நீரிழிவுக்கும் அழுத்தத்துக்கும் குளிசை எடுப்பவர்கள், சீனியும் அழுத்தமும் கூடுதலாக இறங்கிவிடலாம் என்பதால் வைத்தியரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

"விட்டமின் பி17" என்ற ஒன்று உண்டா?

இல்லை. அது விட்டமினே அன்று. அப்ரிகொட் விதையிலுள்ள அமிக்டலினுக்கு வியாபாரத்துக்காகச் சூட்டிய பெயர். உடலில் அது சயனைட்டை வெளிவிடும். 1982 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 178 புற்றுநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்ததில் எவருக்கும் உருப்படியான பயன் கிடைக்கவில்லை. சிலருடைய குருதியில் சயனைட் ஆபத்தான அளவை நெருங்கியது. மரவள்ளிக் கிழங்கில் இருப்பதும் இதற்கு நெருங்கிய உறவான ஒரு பொருளே. அதனால்தான் நம் பாட்டிமார் மரவள்ளியைத் தோல் நீக்கி, திறந்த சட்டியில் அவித்து, அவித்த நீரை ஊற்றிவிடுவார்கள். அவர்கள் கவனமாக வெளியே ஊற்றியதை நாம் காசு கொடுத்து உள்ளே ஊற்றுவது என்ன நியாயம்?

விட்டமின் டி, ஃபோலிக் அமிலம்?

25,871 பேரிடம் நடந்து 2018 இல் வெளியான ஆய்வில் நாளொன்றுக்கு 2,000 அலகு விட்டமின் டி புற்றுநோய் ஏற்படுவதைக் குறைக்கவில்லை. எலும்புக்காகவோ பற்றாக்குறைக்காகவோ வைத்தியர் தந்திருந்தால் அது வேறு, தொடருங்கள். பெருங்குடல் கட்டிகள் முன்பு அகற்றப்பட்டவர்களிடம் ஃபோலிக் அமிலமும் பயன் தரவில்லை. ஆனால் தாய்மார் கிளினிக்கில் தரும் ஃபோலிக் குளிசையை இதைப் படித்துவிட்டு எவரும் நிறுத்தக் கூடாது. அது குழந்தையின் முள்ளந்தண்டு சரியாக உருவாவதற்காகத் தரப்படுவது. அதன் பயன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

சோயா மீற் மார்பகப் புற்றுநோயைக் கூட்டுமா?

உணவாகச் சாப்பிடும் அளவில் கூட்டாது. சோயாவிலிருந்து பிரித்தெடுத்த ஐசோஃபிளேவோன் குளிசைகளை மட்டும், சிறப்பாக மார்பகப் புற்றுநோய்க்குரிய தமொக்சிஃபென் மருந்து எடுப்பவர்கள், தவிர்க்க வேண்டும்.

வெற்றிலையிலும் நல்ல சத்துகள் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. வெற்றிலை இலையில் புற்றுநோய்க்கு எதிராகச் செயற்படக்கூடிய பொருட்கள் உண்டு என்று ஆய்வுகூடங்கள் சொல்கின்றன. துறைமுக வீதியில் ஓட்டோ ஓட்டும் அண்ணை ஒருவர் இதை எனக்கு வாய் நிறையக் குதப்பிக்கொண்டே விளக்கினார். ஆனால் யாரும் இலையை மட்டும் மெல்வதில்லை. பாக்கும் சுண்ணாம்பும், பெரும்பாலும் புகையிலையும் கூடவே போகின்றன. சுண்ணாம்பு வாயைக் காரத்தன்மையாக்க, பாக்கிலுள்ள பொருட்கள் அந்தக் காரத்தில் கலங்களின் மரபுப்பொருளைச் சிதைக்கும் மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. பாக்கின் அரெகொலின் கன்னத்தின் உட்தோலை நார்ப்பிடிக்கச் செய்து, காலப்போக்கில் வாயை இரண்டு விரல் அகலத்துக்குக்கூடத் திறக்க முடியாமற் செய்கிறது. அந்த நார்ப்பிடிப்பு புற்றுநோயாக மாறக்கூடியது.

புகையிலை போடாவிட்டால் பாதகமில்லை என்பது இங்கே வேரூன்றிய நம்பிக்கை. புகையிலையில்லாத வெற்றிலைப் பாக்கும், பாக்குத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுதியிலேயே முதற் பிரிவில் வைத்துவிட்டது. இலங்கையில் ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். இரவுக் கடலுக்குப் போகிறவர்கள் தூக்கம் கலைவதற்காகப் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த உழைப்பை அறியாமல் எழுதவில்லை. இருந்தாலும், இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு தட்டிலும் பாக்கை விடுவதை மறுதட்டிலும் வைத்தால் எது தாழும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வாயில் வெண்படலமோ செம்படலமோ, மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்; வலி இல்லை என்று காத்திருக்க வேண்டாம், ஆரம்பத்தில் அது வலிப்பதில்லை.

அப்படியானால் எந்த உணவுக்குத்தான் நல்ல சான்று இருக்கிறது?

தவிடு நீக்காத தானியத்துக்கு உண்டு. நாளொன்றுக்கு 90 கிராம் முழுத்தானியம் சாப்பிடுவோரிடம் பெருங்குடல் புற்றுநோய் ஏறத்தாழ 17 சதவீதம் குறைவு. குரக்கன் பிட்டும், தம்பலகாமத்து வயலில் விளைந்து தீட்டாமல் குற்றிய சிவப்பரிசியும் இதற்குப் போதும். புரோக்கோலியைத் தேடி அலைய வேண்டாம். நம் கோவாவிலும் முருங்கையிலும் அதே குடும்பத்துச் சேர்மங்கள் உண்டு. கோவாவை அரிந்து சற்று நேரம் வைத்துவிட்டு வறுத்தால் அவை நன்கு உருவாகும். பாலும் தயிரும் பெருங்குடலுக்கு நல்லவை.

சேமிப்பையும் கவனியுங்கள். கோயில் திருவிழாவில் வாங்கிய கச்சான், ஈரக்காற்றில் கிடந்து பூஞ்சணம் பிடித்தால் அதில் அஃப்லாடொக்சின் சேரலாம். 1960 இல் இங்கிலாந்தில் கச்சான் பிண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் ஓர் இலட்சமளவில் செத்தபோதுதான் இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்தது. ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் இது சாதாரண வறுவலால் முற்றாக அழிவதில்லை. கசந்த கச்சானை விழுங்காமல் துப்பிவிடுங்கள். நிறம் மாறிய கொப்பறாவையும் செத்தல் மிளகாயையும் வெயிலில் காய வைத்து மீட்க முயல வேண்டாம்.

கருவாட்டை விட வேண்டுமா?

அளவைக் குறைத்தால் போதும். உப்பிட்டுப் பதப்படுத்திய உணவு அதிகமாவது இரைப்பைக்கு நல்லதன்று. புற்றுநோயை உண்டாக்குவதாக முதற் பிரிவில் வைக்கப்பட்டது நம் கருவாடன்று, சீன முறையில் உப்பிட்ட மீன்.

சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது சத்துக் குளிசை எடுக்கலாமா?

கீமோவும் கதிர்ச்சிகிச்சையும் புற்றுநோய்க் கலங்களை அழிக்கும் வழிகளில் ஒன்று, கலத்துக்குள் ஒட்சியேற்றச் சேதத்தை உண்டாக்குவது. விட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் போன்ற எதிர் ஒட்சியேற்றக் குளிசைகள் அந்தச் சேதத்தைத் தணிக்கக்கூடும், அதாவது நோய்க் கலத்தையும் காக்கக்கூடும். கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை பெற்ற 540 பேரிடம் நடந்த ஆய்வில், விட்டமின் ஈயும் பீட்டா கரோட்டினும் பக்க விளைவைச் சற்றுக் குறைத்தன. ஆனால் குளிசை எடுத்த காலத்தில் விட்டமின் ஈ பிரிவினரிடம் இரண்டாவது புற்றுநோய் கூடியது. வாய்ப் புற்றுநோய் மிகுந்த நம் நாட்டுக்கு இது தூரத்துச் செய்தியன்று.

மட்டக்களப்புக்கோ மகரகமவுக்கோ தெல்லிப்பழைக்கோ சிகிச்சைக்குப் போகும்போது, வீட்டிலுள்ள எல்லாப் போத்தல்களையும், கசாயப் பொட்டலங்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஏசுவார்கள் என்று ஒளிக்க வேண்டாம். பெயர் நினைவில்லை என்றால் போத்தலின் பின்பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்தாலும் போதும். முன்பக்கத்தில் இலையும் பூவும்தான் இருக்கும்.